கஸ்பர் கடைந்த முளை

அந்தச் சனிக்கிழமை கஸ்பர் ஓவர்ரைம் செய்யப் போயிருந்தார். 1996ஆம் ஆண்டு, ஒக்ரோபர் மாதம். ஸ்காபரோவில் வாகன உதிரிப்பாகங்கள் செய்யும் சின்னத் தொழிற்சாலை அது. சனி நாட்களில் நாலைந்து பேர்தான் வருவார்கள். ஒன்பது மணியளவில், அடுத்த மெஷினில் வேலை செய்யும் மனுவேல் உடைந்த மூன்று துளையிடும் பஞ்ச்களைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினான்.

“புதன்கிழமை அடுப்பில் வைத்ததெல்லாம் இப்படித்தான்,” என்றான் ஆங்கிலத்தில். “மீற்றர் பழுது. நானூறு பாகை என்று காட்டுகிறது. உள்ளே பாண்கூட வேகாது.”

கஸ்பர் மெஷினை நிறுத்தினார்.

புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதே அடுப்பில் அவரும் இரண்டு சாமான் வைத்திருந்தார். நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு உருக்கு முளைகள். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்திய உருக்கு கண்ணாடி மாதிரி இறுகிவிடும். பிறகு அந்த அடுப்பில் மிதமான சூட்டில் இரண்டு மணித்தியாலம் கிடந்தால்தான் அது பதமாகும், அடி தாங்கும். அடுப்பு சுடவில்லை என்றால் முளை இன்னும் கண்ணாடிதான்.

ஒன்று ஹாவர்டிடம் போய்விட்டது. மற்றது மேலதிகமாகச் செய்தது, அவருடைய கருவிகள் வைக்கும் ரூல் பெட்டியில் இருந்தது. அதை எடுத்து வைஸில் இறுக்கினார். சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. ஓங்கிக்கூட அடிக்கவில்லை. டிக் என்ற சத்தத்தோடு முளை இரண்டாகி, ஒரு துண்டு தரையில் போய் விழுந்தது.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்பது பதினைந்து. பதினொரு மணிக்கு ஹாவர்டும் நண்பர்களும் துப்பாக்கியால் சுடத் தொடங்குவார்கள்.

ஹாவர்ட் அங்கே ஃபோர்மன். அறுபத்திரண்டு வயது, சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். பழைய துப்பாக்கிகள் சேர்ப்பது அவருடைய பைத்தியம். அவரும் கிளிஃபர்ட் என்ற ஓய்வுபெற்ற பல்வைத்தியரும் சேர்ந்து இருபது வருடத்துக்கு முன்னர் ஒரு ரிவோல்வரை வாங்கியிருந்தார்கள். வெப்லி-ஃபொஸ்பெரி என்று பெயர். முதலாம் உலக யுத்தத்துக்குப் போன ஒரு அதிகாரியின் வீட்டில் கிடந்தது. ஆறு மாதம் ஒருவர் வீட்டில், ஆறு மாதம் மற்றவர் வீட்டில். உலகத்தில் மிச்சம் இருப்பவை கொஞ்சம்தான், சுடக்கூடிய நிலையில் இருப்பவை அதிலும் கொஞ்சம் என்று ஹாவர்ட் சொல்வார். மற்ற ரிவோல்வர்களில் விரலின் பலம்தான் குண்டுகள் அடைக்கும் குண்டுச் சில்லைச் சுற்றும். இதில் வெடியின் உதைப்பே அதைச் சுற்றுகிறது. ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கியின் மேல்பாகம் முழுவதும் பின்னால் சறுக்கிப் போய்த் திரும்பி வரும். குண்டுச் சில்லைச் சுற்றிக் கோணல்மாணலாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறது. கீழ்ப்பாகத்தில் நிற்கும் ஒரு முளை அந்தப் பள்ளத்துக்குள் ஓடி, சில்லைத் திருப்பி, அடுத்த குண்டைக் குழலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும்.

அவர்கள் வாங்கும்போதே அந்த முளை தேய்ந்து முறிந்திருந்தது. இருபது வருடமாக ரிவோல்வர் சும்மா கிடந்தது.

செப்ரெம்பரில் ஒருநாள் ஹாவர்ட் முறிந்த முளையை ஒரு புகையிலை ரின்னுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். தான் கீறிய படமும் கூடவே. எதற்கு என்பதை மறைக்கவில்லை. “உன்னைவிட வேறு யாராலும் இதைச் செய்ய முடியாது, கஸ்பர். விருப்பமில்லை என்றால் சொல், நான் கோபிக்க மாட்டேன்,” என்றார்.

ஐந்து வருடமாக ஒரே இரும்புத் தட்டில் ஒரே நாலு துளை போட்டுக்கொண்டிருந்த மனிதர் கஸ்பர். அந்தப் படத்தைப் பார்த்ததும் கை குறுகுறுத்தது. செய்கிறேன் என்று சொல்லிவிட்டார். வீட்டில் அன்ரனெற்றுக்குச் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஸ்ரான்லி வீதியில் கஸ்பருக்குச் சொந்தமாக லேத் பட்டறை இருந்தது. எண்பத்தாறில் இரண்டு இயக்கப் பெடியள் வந்து ஒரு குழாயின் படத்தை மேசையில் வைத்தார்கள். அது என்னவென்று அவருக்குப் பார்த்தவுடனே விளங்கியது. ஏலாது என்றார். மூன்று நாள் தவணை தந்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் நாள் அவரும் அன்ரனெற்றும் பட்டறையைப் பூட்டித் திறப்பை மதிலுக்கு மேலால் எறிந்துவிட்டுக் கொழும்புக்கு பஸ் ஏறினார்கள். ரொறன்ரோவில் அகதி விசாரணையில் அதிகாரி கேட்டார்: நீ எப்போதாவது ஆயுதமோ ஆயுதத்தின் பாகமோ செய்திருக்கிறாயா? இல்லை, செய்ய மாட்டேன் என்றதால்தான் ஓடி வந்தேன் என்று கஸ்பர் சொன்னார். அந்த ஒரு பதிலின் மேல்தான் அவர்களுடைய கனடா வாழ்க்கை நின்றது. இப்போது குடியுரிமைக்கான சத்தியப்பிரமாணக் கடிதமும் வந்துவிட்டது. நவம்பர் எட்டாம் திகதி.

தொழிற்சாலை அலுவலகத்து ரெலிபோனில் ஹாவர்டின் வீட்டுக்கு அடித்தார். அவர் மனைவி எடுத்து, ஹாவர்ட் எட்டரைக்கே போய்விட்டார், போகிற வழியில் கிளிஃபர்டையும் ஏற்றுவார் என்றாள். அவர்கள் சுடும் கன் கிளப்பின் ரெலிபோன் இலக்கம் அவளுக்குத் தெரியாது. விசாரித்து எடுத்து அடித்தார். இருபது தரம் மணி போனது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தார். மூன்றாவது தரமும் அடித்தார்.

கிளப் இருந்த இடம் பிக்கரிங்குக்கு வடக்கே, பஸ் போகாத ஒரு கிறவல் ஒழுங்கை. சுடுவதைப் பார்க்க வரச்சொல்லி ஹாவர்ட் வழிப் படம் கீறிக் கொடுத்திருந்தார். வர ஏலாது என்று சொல்லியும் அந்தப் படத்தை கஸ்பர் எறியவில்லை. வீட்டில் குளிர் ஜக்கெற்றின் உள் பையில் வைத்திருந்தார். கார் ஓட்டவும் தெரியாது. ரோட் ரெஸ்ற்றில் இரண்டு தரம் தோற்ற ஆள். ஓட்டுவது அன்ரனெற்தான்.

அவள் மகள் ஜூலியைத் தமிழ் வகுப்பில் விடப் போயிருந்தாள். வீட்டு ரெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது. கஸ்பர் ரிசீவரை வைப்பதும் எடுப்பதுமாக நின்றார். பத்து மணி ஐந்து நிமிடத்துக்குத்தான் அவள் எடுத்தாள்.

“என்னப்பா, என்ன நடந்தது? கையைக் கிய்யை வெட்டிப்போட்டீங்களோ?”

“எனக்கு ஒண்டுமில்லை. என்ரை குளிர் ஜக்கெற்றுக்குள்ளை ஒரு பேப்பர் கிடக்கு. அதை எடுத்துக்கொண்டு உடனை காரிலை வாரும். ஒரு இடத்துக்குப் போகவேணும்.”

“ஜூலியைப் பன்ரண்டுக்கு எடுக்கவேணும்.”

“பக்கத்து வீட்டு யூஜினியிட்டைச் சொல்லும், எடுத்துவிடுவா. அன்ரனெற், தயவுசெய்து கேள்வி கேக்காமல் வாரும்.”

பத்து இருபத்தைந்துக்கு கார் வந்து நின்றது. அவள் என்ஜினை நிறுத்தாமல், கண்ணாடியை இறக்கி, அந்தப் பேப்பரைத் தூக்கிக் காட்டினாள்.

“இதிலை கன் கிளப் எண்டு எழுதிக் கிடக்கு.”

“ஏறிப்போட்டுச் சொல்லுறன்.”

ஹைவேக்கு ஏறும்வரை அவர் பேசவில்லை. ஏறியதும் முழுவதையும் சொன்னார். அடுப்பு, முளை, வைஸ், சுத்தியல். அன்ரனெற் வீதியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“அங்கை செய்யமாட்டன் எண்டுதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள்,” என்றாள் கடைசியில்.

“இது நூறு வருசப் பழசு. ஒருத்தரையும் சுடுறதுக்கில்லை. பேப்பரிலை வட்டம் கீறிச் சுடுவினம்.”

“அதை நவம்பர் எட்டிலை கேட்டா அவையளுக்கும் இப்பிடியே சொல்லுங்கோ.” என்றாள். “பத்து வருசம், கஸ்பர். ஆறு வருசமாய் மற்றவையின்ரை கிழவியளைத் தூக்கிக் குளிப்பாட்டுறன். எல்லாம் அந்த ஒரு கடிதத்துக்குத்தான். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா விட்டிருப்பீரோ?”

“விட்டிருக்கமாட்டன். அதுதான் சொல்லேல்லை, என்ன?”

கஸ்பர் சேர்ட் பையில் கிடந்த முளையின் இரண்டு துண்டுகளையும் விரலால் தடவிப் பார்த்தார்.

கொஞ்சத் தூரம் போனதும், “முறிஞ்சா என்ன நடக்கும்?” என்று கேட்டாள்.

“சில்லு அரைவாசியிலை நிண்டிடும். குண்டு குழலுக்கு நேரை இராது. அப்பிடியே வெடிச்சா ஈயமும் இரும்பும் பக்கத்தாலை பறக்கும். சுடுற ஆளின்ரை கையிலை படலாம், பக்கத்திலை நிக்கிறவையின்ரை கண்ணிலையும் படலாம். ஒண்டும் நடக்காமலும் விடலாம். எனக்குத் தெரியாது.”

அவள் அக்சிலறேற்றரை மிதித்தாள். வேகமாக ஓட்டப் பயப்படும் பெண், மெதுவாக ஓடும் வலது பக்கத்து லைனை விட்டு மாறாதவள், அன்று இரண்டு லொறிகளை முந்தினாள்.

பிக்கரிங்கில் இறங்கி வடக்கே திரும்பினார்கள். புதிதாகக் கட்டிய வீடுகள் முடிந்து சோளக்காடு தொடங்கியது. ஹாவர்டின் படத்தில் ஒரு தேவாலயமும் ஒரு சிவப்புக் களஞ்சியமும் இருந்தன. தேவாலயம் வந்தது, களஞ்சியம் வரவில்லை. அன்ரனெற் காரைத் திருப்பி மறுபடி வந்தாள். களஞ்சியத்துக்கு யாரோ வெள்ளை அடித்திருந்தார்கள். அதில் எட்டு நிமிடம் போயிற்று.

கிறவல் ஒழுங்கையின் முடிவில் இரும்பு கேற் பூட்டியிருந்தது. இலக்கங்கள் அழுத்தும் பூட்டு. நேரம் பதினொன்று இருபது. கார்க் கதவைத் திறந்தபோது மரங்களுக்கு அப்பால் வெடிச்சத்தம் கேட்டது. கஸ்பரின் உடம்பு தன்னையறியாமல் குனிந்தது. அன்ரனெற்றும் ஸ்ரியறிங்குக்குக் கீழே தலையைத் தாழ்த்தியிருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிமிர்ந்தார்கள்.

இரண்டாவது வெடி. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது.

“கோர்னை அடியும். விடாமல் அடியும்,” என்றார் கஸ்பர்.

அவள் அடித்தாள். யாரும் வரவில்லை. காதை அடைத்துக்கொண்டு சுடுகிறவர்களுக்குக் கார் கோர்ன் எங்கே கேட்கும்? கஸ்பர் மண்ணில் படுத்து, கேற்றின் கீழால் புகுந்து மறுபக்கம் எழுந்தார். சேர்ட் ஒரு கம்பியில் மாட்டிக் கிழிந்தது.

“ஓடாதேங்கோ!” என்று கத்தினாள் அன்ரனெற். “கையைத் தூக்கிக்கொண்டு நடவுங்கோ!”

அவள் சொன்னதன் அர்த்தம் அவருக்கு உடனே விளங்கியது. துப்பாக்கி வைத்திருப்பவர்களை நோக்கி எப்படி நடக்கவேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, விரல்களை விரித்து, கிறவல் பாதையில் கஸ்பர் நடந்தார். ஓடவேண்டும் என்று கால் துடித்தது. ஒவ்வொரு அடிக்கும் “ஹாவர்ட்! ஹாவர்ட்!” என்று கூப்பிட்டார். இன்னொரு வெடி கேட்டது. அவர் எண்ணிக்கொண்டே வந்தார். நாலு.

வளைவு திரும்பியதும் ஆட்கள் தெரிந்தார்கள். ஏழெட்டுப் பேர், நீளமான கூரைக்குக் கீழே மேசைகள். முன்வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், இரண்டு கையாலும் அந்த ரிவோல்வரை நீட்டிப் பிடித்திருந்தாள். அவளுக்கு அருகில், அவள் தோளோடு தோளாக, ஹாவர்ட் நின்றார்.

செம்மஞ்சள் மேல்சட்டை போட்ட மனிதர்தான் முதலில் கஸ்பரைக் கண்டார். விசிலை ஊதினார். “சுடுவதை நிறுத்து! எல்லோரும் நிறுத்து!” அந்தப் பெண் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கையைத் தூக்கிக்கொண்டு, கிழிந்த சேர்ட்டோடு, மண் அப்பிய ஒரு கறுத்த மனிதன்.

ஹாவர்ட் காதுக் கவசத்தைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார். “கஸ்பர்? யாருக்கு என்ன நடந்தது?”

கஸ்பருக்கு இருந்த ஆங்கிலமெல்லாம் போய்விட்டது. “முளை,” என்றார். “கூடாது. கண்ணாடி. அடுப்பு பிழை.” சேர்ட் பையிலிருந்து இரண்டு துண்டுகளையும் எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். ஹாவர்ட் ஒன்றை எடுத்து, முறிந்த முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

“கிளிஃபர்ட், குண்டுகளைக் கழற்று,” என்றார்.

கிளிஃபர்ட் மெலிந்து உயர்ந்த மனிதர். அவருக்கு மனமில்லை. “பதின்மூன்று வெடி வைத்துவிட்டோம், ஹாவர்ட். தண்ணீர் மாதிரி ஓடுகிறது. இருபது வருடம் காத்திருந்தோமே!”

“கழற்று.”

கழற்றினார். மேல்பாகத்தைப் பிரித்து முளையை வெளியே எடுக்கப் பத்து நிமிடம் பிடித்தது. கேற்றைத் திறந்து யாரோ அன்ரனெற்றையும் அழைத்து வந்திருந்தார்கள். அவள் கஸ்பரின் பின்னால் வந்து நின்றாள். கிளிஃபர்ட் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் பொருத்தினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்து அதில் இருந்துவிட்டார்.

“ஒரு மூலை பறந்துவிட்டது,” என்றார். “அடியில் குறுக்காக ஒரு கோடு ஓடுகிறது. பல்லில் இப்படி ஒரு கோடு கண்டால், இன்றைக்கு ஒன்றும் கடிக்காதே என்று சொல்லி அனுப்புவேன்.”

அடுத்த வெடிக்கு முறிந்திருக்குமா, ஐம்பதாவது வெடிக்கா, அதை யாராலும் சொல்ல முடியாது. சற்றுமுன் சுட்டுக்கொண்டிருந்த பெண் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கஸ்பருக்கு ஒரு கப்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

செம்மஞ்சள் சட்டைக்காரர்தான் அந்தத் திடலுக்குப் பொறுப்பு. முன்னாள் பொலிஸ்காரர். ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். நடந்ததை எழுதவேண்டும் என்றார். வந்தவரின் பெயர், விலாசம், காரணம். பேனையைத் திறந்தபடி கேட்டார்: “பழுதான பாகத்தைச் செய்தது யார்?”

கஸ்பர் பேனை முனையைப் பார்த்தார். ஹாவர்ட் அவர் முகத்தைப் பார்த்தார். அதில் எதைக் கண்டாரோ, உடனே, “நான் செய்தேன்,” என்றார்.

பொறுப்பாளர் எழுதத் தொடங்கினார்.

“பேசாமல் இருங்கோ,” என்றாள் அன்ரனெற் காதுக்குள், தமிழில். “அந்தாள் தானாய்ச் சொல்லுது. விடுங்கோ.”

விட்டிருக்கலாம். விட்டால் அந்தப் புத்தகத்தில் கஸ்பரின் பெயர் தகவல் கொண்டுவந்தவர் என்று மட்டும்தான் இருக்கும். ஆனால் மேசையில் அந்த முளை கிடந்தது. அதைச் செய்தது ஹாவர்ட் என்றால், இருபது வருடம் பொத்திப் பொத்தி வைத்த துப்பாக்கியை நண்பர்கள் கையில் கொடுத்து அவர்களை ஆபத்தில் விட்டவரும் ஹாவர்ட்தான். அதைச் செய்யாத ஒரு மனிதனின் தலையில் அந்தப் பழி விழப்போகிறது. விசாரணை அறையில் அன்று சொன்ன ‘இல்லை’ உண்மை. அது உண்மையாக இருந்தபடியால்தான் பத்து வருடமாக நித்திரை வந்தது.

“இல்லை,” என்றார் கஸ்பர். “நான் செய்தேன். ஹாவர்ட் இல்லை.”

அன்ரனெற் கண்ணை மூடிக்கொண்டாள்.

பொறுப்பாளர் எழுதியதை வெட்டினார். பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். கஸ்பர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். எழுதி முடித்து நிமிர்ந்து பார்த்தவர், “இதில் இவ்வளவு பயப்பட என்ன இருக்கிறது? பதிவுள்ள துப்பாக்கிக்கு ஒரு முளை கடைந்து கொடுப்பது குற்றமில்லை. கேற்றின் கீழால் வந்தாய் பார், அதுதான் இங்கே பிழை. இனி வந்தால் மணியை அடி,” என்றார்.

மணி ஒன்று அங்கே இருந்ததாம். கொடியில் மறைந்து கிடந்திருக்கிறது.

குற்றமில்லை என்று ஒருவர் சொன்னதை நம்பி நிம்மதியாக இருக்கும் ஆட்கள் இல்லை அவர்கள். அன்ரனெற் நாலு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டைப் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ரெலிபோன் அடித்தால் இரண்டு பேரும் எழும்பினார்கள். தபால் பெட்டியைக் கஸ்பர் நாளுக்கு இரண்டு தரம் திறந்து பார்த்தார். ஒருநாள் அப்பார்ட்மென்ற் வாசலில் பொலிஸ் கார் நிற்பதைக் கண்டு, பஸ்ஸை விட்டு இறங்காமல் அடுத்த தரிப்பிடம் வரை போய்விட்டு நடந்து வந்தார். அது ஆறாம் மாடியில் யாரோ சண்டை போட்டதற்காக வந்தது.

ஐந்தாம் நாள் காலை தேத்தண்ணியை நீட்டியபோது அன்ரனெற் சொன்னாள்: “அந்த மனிசிக்கு என்ரை வயசிருக்கும்.”

“எந்த மனிசி?”

“துவக்கு வச்சிருந்த மனிசி. கையைப் பாத்துக்கொண்டே நிண்டவ.” தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்தாள். “நீங்கள் போனது சரி. சொல்லாமல் செய்தது பிழைதான். ஆனா போனது சரி.”

நவம்பர் எட்டாம் திகதி ஒரு பெரிய மண்டபத்தில் அறுபது பேரோடு சேர்ந்து கையை உயர்த்திச் சத்தியம் செய்தார்கள். பெயரைக் கூப்பிட்டதும் கஸ்பர் முன்னால் போனார். நீதிபதி கைகொடுத்தார், வாழ்த்துச் சொன்னார், அடுத்தவரைக் கூப்பிட்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்து கார் தரிப்பிடத்தில் அன்ரனெற் அழுதாள்.

மார்ச்சில் ஹாவர்ட் மறுபடி வந்து நின்றார். அடுப்புக்குப் புது மீற்றர் போட்டாகிவிட்டது. இன்னொரு முளை கேட்கத் தயங்கினார். கஸ்பர், “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்,” என்றார். அன்றிரவே கேட்டார்.

அன்ரனெற் யோசித்தாள். “எத்தினை செய்வீங்கள்?”

“நாலு. மூண்டை அடிச்சு உடைச்சுப் பாத்துப்போட்டுத்தான் ஒண்டைக் குடுப்பன்.”

“அப்ப செய்யுங்கோ. முதல் வெடி வைக்கேக்கை நானும் நிப்பன்.”

மே மாதம் கேற்றை அவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஹாவர்ட் மற்ற எல்லோரையும் பின்னால் அனுப்பிவிட்டுத் தனியே நின்று முதல் பன்னிரண்டு வெடிகளையும் வைத்தார். கிளிஃபர்ட் முளையைக் கழற்றிக் கண்ணாடியால் பார்த்துத் தலையாட்டினார். பிறகு துப்பாக்கி கைமாறியது. கிளிஃபர்ட், அந்தப் பெண், இன்னும் மூன்று பேர். ஒவ்வொரு வெடிக்கும் அன்ரனெற் கஸ்பரின் கையை இறுக்கினாள்.

கடைசியில் ஹாவர்ட் ஒரு குண்டை மட்டும் போட்டு அவரிடம் நீட்டினார். “இறுக்கிப் பிடி. கை தளர்ந்தால் இது ஓடாது.”

கஸ்பர் வாங்கினார். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து விசையை அமத்தினார். மணிக்கட்டு உதைபட்டது. மேல்பாகம் பின்னால் போய்த் திரும்பி வந்தது. சில்லு ஒரு இடம் சுற்றி நின்றது. அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். துப்பாக்கியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்தார். இன்னொரு குண்டை ஹாவர்ட் எடுத்தபோது, போதும் என்று கையைக் காட்டினார்.

“பட்டதோ?” என்று கேட்டாள் அன்ரனெற்.

“தெரியாது. பேப்பரைப் பாக்கேல்லை.”

“அப்ப என்னத்தைப் பாத்தனீங்கள்?” என்று சலித்துக்கொண்டே, கண்ணைச் சுருக்கித் தூரத்தில் இருந்த வட்டத்தை அவளே எட்டிப் பார்த்தாள்.